ஒரே கம்பியின் இரண்டு முனைகள்

சென்ற அத்தியாயத்தில் பேட்டரியின் வயிற்றுக்குள் ஈயமும் அமிலமும் நடத்துகிற வியவகாரங்களைப் பார்த்தோம். அங்கிருந்து புறப்பட்டு, விளக்கையும் ஹாரனையும் செல்ஃப் மோட்டாரையும் இயக்கிவிட்டு, மறுபடியும் பேட்டரிக்கே வந்து சேருகிற மின்னோட்டம் வழியில் என்ன பாடு படுகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். இதற்குரிய சூத்திரத்தை நானும் மற்றவர்களைப் போலப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவன்தான். என்றாலும் அதன் உட்பொருள் எனக்கு விளங்கியது, திண்டிவனத்துக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரத்துத் தகரக் கொட்டகையில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் கையில், கண்ணாடி விரிசல் விட்ட பழைய வோல்ட் மீட்டர் ஒன்றின் முள் நகர்ந்ததைப் பார்த்தபோதுதான்.

கார் என்னுடையதன்று, நண்பருடையது. டைனமோ காலத்தில் பிறந்த அந்தக் காருக்கு அவர் ஆசையோடு பல திருத்தங்களைச் செய்திருந்தார். 22 ஆம்பியருக்கு மேல் கொடுக்க இயலாத டைனமோவைக் கழற்றிவிட்டு, 45 ஆம்பியர் தரவல்ல ஆல்டர்னேட்டரை அந்த இடத்தில் பூட்டினார். ஹெட்லைட்டுகளுக்கு 100 வாட் ஹாலஜன் பல்புகளைப் போட்டு (சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்பது வேறு விஷயம்), அவற்றுக்கான இணைப்பை நேரே பேட்டரியிலிருந்து எடுத்தார். இவ்வளவும் செய்தவர், டைனமோவிலிருந்து டாஷ்போர்டிலுள்ள அம்மீட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பிப் பேட்டரிக்கு வருகிற பழைய கம்பியை மாத்திரம் தொடவில்லை. செம்பு என்றால் எல்லாம் செம்புதானே என்பது அவருடைய சித்தாந்தம். பலன் என்னவென்றால், புது விளக்குகள் பழைய விளக்குகளைவிட மங்கலாக எரிந்தன. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகிற்று. இரவுப் பிரயாணங்களில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து தீய்ந்த நாற்றம் ஒன்று லேசாக வந்துகொண்டிருந்தது. பேட்டரியை இரண்டு முறை மாற்றினார். ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சோதனை மேஜையில் ஓட்டிப் பார்த்ததில், அது குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று.

பெரியவரை எல்லோரும் 'பாய்' என்றே அழைத்தார்கள். அவர் என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிடச் சொன்னார். எல்லா விளக்குகளையும் போடச் சொன்னார். பிறகு மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த டெர்மினலிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் கொம்பிலும் வைத்தார். எனக்கு வியப்பாகிவிட்டது. பேட்டரியின் பிளஸ், மைனஸ் என்ற இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைப்பதைத்தான் அதுவரை நான் கண்டிருந்தேன்.

"பாய், அது இரண்டும் ஒரே ஒயர்தானே? ஒரே ஒயரின் இரண்டு முனையில் வைத்தால் மீட்டர் என்ன காட்டும்?" என்றேன்.

"ஒண்ணும் காட்டக்கூடாது சார். காட்டினா அதுதான் வியாதி."

முள் மெதுவாக எழுந்து 1.6 வோல்ட்டில் நின்றது. ஆல்டர்னேட்டரின் வாயிலில் 14.3 வோல்ட், பேட்டரியின் வாயிலில் 12.7. நடுவழியில் காணாமற்போன அந்த 1.6 வோல்ட்டை யார் தின்றது?

அந்தக் கேள்விக்கு இலக்கணம் வகுத்தவர், ஜெர்மனி தேசத்துக் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். 1820-களின் நடுவில், வெவ்வேறு நீளமுள்ள செப்புக் கம்பிகளின் வழியே மின்னோட்டம் எவ்வாறு குறைகிறதென்று அளக்க முற்பட்டார். அக்காலத்து வோல்டா அடுக்குகளோ நிமிஷத்துக்கு நிமிஷம் பலம் மாறும் சுபாவம் உடையவை. அளக்கப்படுகிற பொருளுக்கு முன்னால் அளவுகோலே சுருங்கிக்கொண்டிருந்தால் எந்த விதியைக் கண்டுபிடிப்பது? பொக்கெண்டார்ஃப் என்ற விஞ்ஞானியின் யோசனைப்படி, பிஸ்மத்தையும் செம்பையும் சேர்த்து, ஒரு சந்தியைக் கொதிக்கும் நீரின் உஷ்ணத்திலும் மறு சந்தியைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியிலும் வைத்து, அந்த உஷ்ண வேற்றுமையால் பிறக்கிற சிறிய, ஆனால் தடுமாறாத மின்னழுத்தத்தை அவர் உபயோகித்தார். அதன் முடிவுகளை விரித்து 1827-இல் அவர் வெளியிட்ட நூலைச் சொந்த நாட்டார் பொருட்படுத்தவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் அளித்து அவரைக் கௌரவித்தது 1841-இல்தான். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் என்று இன்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். ஓம் எழுதிய சமன்பாட்டில் அதற்குமேல் ஒரு சூட்சுமம் உண்டு. சோதிக்கும் கம்பியின் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவரவில்லை. அதனோடு என்றும் மாறாத ஓர் எண்ணையும் கூட்டினால்தான் ஒத்துவந்தது. சுற்றின் மற்றப் பகுதிகள், மின்சாரத்தைப் பிறப்பிக்கிற சாதனம் உள்பட, தமக்கென்று வைத்திருக்கும் தடைதான் அந்த எண். நாம் கண்ணால் பார்க்கிற கம்பிக்கு அப்பால், கணக்கில் எழுதாத தடைகள் எப்போதும் ஒளிந்திருக்கும் என்ற உண்மையை ஓம் முதல் நாளிலேயே எழுதி வைத்துவிட்டார். நண்பரின் காரில் நாங்கள் தேடிக்கொண்டிருந்ததும் அந்த எண்ணைத்தான்.

முதலில் கண்ணுக்குத் தெரிகிற தடையைக் கணக்கிடுவோம். 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செப்புக் கம்பியின் தடை சுமார் 0.017 ஓம். நீளம் வளர வளரத் தடை வளரும். பருமன் கூடக் கூடக் குறையும். நண்பரின் காரில் அந்தக் கம்பி போகவர 4 மீட்டர் இருக்கும். பருமன் இரண்டரை சதுர மில்லிமீட்டர். ஆகவே தடை சுமார் 0.027 ஓம். இதைக் கேட்டால் எவருக்கும் அலட்சியமே தோன்றும். வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கு நஷ்டம்? கார் அப்படியன்று. மூலதனமே 12 வோல்ட்தான். அதில் ஒரு வோல்ட் போவது ஏழையின் பையிலிருந்து போகிற ரூபாய். பழைய டைனமோ 20 ஆம்பியரை இக்கம்பியில் அனுப்பியபோது அரை வோல்ட் வழியில் கரைந்தது. 11 வாட் உஷ்ணம் பிறந்தது. 4 மீட்டர் நீளத்தில் பரவிய அந்த உஷ்ணத்தைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆல்டர்னேட்டர் தன் முழு பலமான 45 ஆம்பியரையும் அதே கம்பியில் அனுப்புமானால் 1.2 வோல்ட் கரையும். உஷ்ணமோ 55 வாட். ஓட்டம் இரண்டேகால் மடங்குதான் ஏறிற்று. உஷ்ணம் ஐந்து மடங்கு ஏறிவிட்டது. ஓட்டத்தை ஓட்டத்தாலேயே பெருக்கிப் பிறகு தடையால் பெருக்க வேண்டும் என்ற விதியின் கொடுமை இது.

அன்று ஓடிக்கொண்டிருந்தது சுமார் 35 ஆம்பியர். அதன்படி கம்பி தின்றிருக்க வேண்டியது ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. பாக்கி எங்கே என்று பாய் மீட்டரின் முனைகளைக் கம்பியின் வழியே சந்தி சந்தியாக நகர்த்திக்கொண்டே போனார். தண்ணீர்க் குழாயில் ஒழுக்குத் தேடுகிறவனுடைய பொறுமை அது. என்ஜின் பக்கத்திலிருந்து காருக்குள் கம்பி நுழைகிற இடத்தில் ஒரு கனெக்டர். அதன் இரு பக்கமும் முனைகளை வைத்தபோது முள் 0.65-க்குப் போயிற்று. என்ஜினை நிறுத்திவிட்டு அதைப் பிரித்தார். உள்ளே பித்தளைத் தகட்டின்மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஒரு பக்கம் தகடு நீலம் பாரித்திருந்தது. அதைத் தாங்கிய பிளாஸ்டிக் பழுப்பேறி, அப்பளம் போலக் கொப்புளித்திருந்தது. 0.65 வோல்ட்டை 35-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 23 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர்கள் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட். புளியங்கொட்டை அளவுள்ள ஒரு சந்திக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் சொருகிவிட்டு, நண்பர் மாதக்கணக்காக ஊர் ஊராகப் போய்வந்திருக்கிறார்!

களிம்பு ஏறிய சந்தி தானாகத் திருந்துவதில்லை. உஷ்ணத்தால் உலோகத்தின்மேல் ஆக்ஸைடு படலம் தடிக்கிறது. தகட்டின் இறுக்கம் தளர்கிறது. அதனால் தடை கூடுகிறது. கூடிய தடை இன்னும் உஷ்ணத்தைப் பிறப்பிக்கிறது. செம்பின் தடையே ஒவ்வொரு டிகிரி உஷ்ணத்துக்கும் நூற்றில் 0.4 பங்கு ஏறும் குணமுடையதாகையால், என்ஜினின் வெப்பத்தில் 50 டிகிரி கூடிய கம்பி, குளிர்ந்த நிலையில் இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தடுக்கும். ஆயினும் தடை என்ற குணத்தையே பகையாகக் கருதிவிடக் கூடாது. பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையும் தடையால்தான் வெண்சூடாகி ஒளிர்கிறது. அங்கே அதற்குப் பிரகாசம் என்று பெயர், கனெக்டருக்குள் நிகழ்ந்தால் கருகல் என்று பெயர். இடத்தில்தான் வேற்றுமை. இழையின் பங்கைக் கனெக்டர் திருடிக்கொள்வதால் விளையும் நஷ்டமும் சாமானியமானதன்று. இழையின் ஒளி மின்னழுத்தத்தைப் பின்பற்றி நேர் விகிதத்தில் குறையாமல், ஏறத்தாழ அதன் மூன்றரை மடிப்பெருக்கத்தின்படி சரிகிறது. அழுத்தம் நூற்றுக்குப் பத்து குறைந்தால் வெளிச்சம் நூற்றுக்கு முப்பது குறைந்துவிடும். அதிக வாட் பல்பு அதிக ஓட்டத்தை இழுக்க, அதிக ஓட்டம் வழியில் அதிக வோல்ட்டைத் தொலைக்க, நண்பர் கூடுதல் விலை கொடுத்து இருட்டை வாங்கிய கதை இதுதான்.

முன்பு பார்த்தவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை? அவர்களும் திறமையற்றவர்களல்லர். என்ஜினை நிறுத்திவிட்டு, கம்பியைக் கழற்றி, அதன் தடையை ஓம் மீட்டரால் அளந்திருக்கிறார்கள். மீட்டர் பூஜ்யம் என்று காட்டியிருக்கிறது. சாதாரண ஓம் மீட்டர் அனுப்புகிற ஓட்டம் மிகச் சொற்பம், 0.02 ஓம் அதன் கண்ணுக்கு இல்லாத வஸ்து. முப்பது இழைகள் முறுக்கிய கம்பியில் இருபத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தாலும் அது 'சரி' என்றே சான்று கொடுக்கும். கால் நடக்குமா என்று கட்டிலில் படுத்திருக்கும்போது பார்த்தால் தெரியாது. மூட்டையைத் தலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். எல்லா விளக்குகளையும் போடச் சொன்ன பாய் செய்தது அதைத்தான்.

அப்படியானால் பழைய டைனமோ நாளில் அந்தக் கம்பி இத்தனை வருஷம் எப்படிப் பிழைத்தது? இங்கே இரண்டு யந்திரங்களின் குண பேதத்தைச் சொல்லியாக வேண்டும். காந்த மண்டலத்தில் கம்பிச் சுருள் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டது இரண்டுக்கும் பொதுவான அடிப்படை. டைனமோவில் காந்தம் நிலையாக இருக்க, சுருள் சுழல்கிறது. பிறந்த மின்சாரம் முழுவதும் சுழலும் செப்புத் துண்டுகளின்மேல் உரசுகிற கார்பன் பிரஷ்கள் வழியாகவே வெளியே வர வேண்டும். வேகமாகச் சுழற்றினால் பொறி பறக்கும். ஆகவே அதன் வேகத்துக்கும் பலத்துக்கும் எல்லை உண்டு. என்ஜின் மெதுவாக ஓடும்போதோ டைனமோ ஒன்றுமே தராது. ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். காந்தம் நடுவில் சுழல்கிறது. மின்சாரம் பிறக்கும் சுருள்கள் சுற்றி அசையாமல் நிற்கின்றன. பிரஷ்கள் சுமப்பது காந்தத்தை ஊட்டும் சில ஆம்பியர்களை மட்டுமே. பிறப்பது முன்னும் பின்னும் மாறியோடும் மின்சாரமாகையால் ஆறு டயோடுகள் சேர்ந்து அதை ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. மலிவும் உறுதியும் உள்ள சிலிக்கன் டயோடுகள் கிடைக்கத் தொடங்கிய பிறகே இது சாதாரணக் கார்களுக்கு எட்டிற்று. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960-ஆம் வருஷத்து வேலியன்ட் காரில் இதைப் பூட்டி வெளியிட்டது.

ஆல்டர்னேட்டருக்கு இன்னொரு விசித்திர குணம் உண்டு. டைனமோவுக்கு ஓட்டத்தை மட்டுப்படுத்தத் தனிக் காவலாளி தேவை. இல்லாவிட்டால் அது தன்னால் முடியாததையும் கொடுக்க முயன்று எரிந்துபோகும். ஆல்டர்னேட்டர் தானே தனக்குக் காவல். என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, கப்பியின் விகிதத்தால் அது 6,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஜோடி காந்தத் துருவங்கள் இருப்பதால் உள்ளே பிறக்கும் மின்சாரம் விநாடிக்கு 600 முறை திசை மாறி மீளும். திசை மாற்றம் துரிதமாக ஆக, சுருளின் தூண்டல் குணம் அதை எதிர்க்கிற வலிமையும் ஏறும். வேகத்தால் எவ்வளவு அழுத்தம் கூடுகிறதோ அவ்வளவுக்கு எதிர்ப்பும் கூடிவிடுவதால், ஓட்டம் ஓர் எல்லைக்குமேல் ஏறுவதில்லை. ஆனால் அந்த எல்லை ஆல்டர்னேட்டரின் உடம்புக்கு ஏற்ற எல்லையேயன்றி, நம் கம்பியின் உடம்புக்கு ஏற்றதன்று. பெரிய ஆல்டர்னேட்டர் கம்பிக்குள் வலியத் திணித்து எரித்துவிடும் என்று சிலர் நினைப்பது தவறு. கேட்டதைத்தான் அது கொடுக்கும். இளைத்த பேட்டரியும் பசித்த விளக்குகளும் கேட்கும்போது, டைனமோ கையை விரித்துவிடும்; ஆல்டர்னேட்டர் விரிக்காது. டைனமோவின் வறுமையே அத்தனை வருஷம் அந்தக் கம்பிக்குக் காப்பாக இருந்திருக்கிறது.

ஒரு பழைய வழக்கத்தை இங்கே குறிப்பிட வேண்டும். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடுகிற என்ஜினில் பேட்டரியின் டெர்மினலைக் கழற்றுவது டைனமோ காலத்து மெக்கானிக்குகளின் கைவந்த பரீட்சை. ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால், ஓட்டம் திடீரென்று அறுபடுவதால் சுருளில் எழும் அழுத்தம் பாய்ந்து டயோடுகளைத் துளைத்துவிடக்கூடும். இந்த வழக்கம் இன்னும் சாகவில்லை.

இனி ரெகுலேட்டர். அழுத்தம் 14.2, 14.3 வோல்ட் என்ற அளவில் நிற்கும்படி காந்தத்துக்குப் போகும் ஊட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வைப்பது அதன் உத்தியோகம். ஆனால் அது காரை முழுவதும் பார்க்கிற சர்வஞ்ஞன் அன்று. தன்னோடு பிணைத்த ஒரே ஓர் இடத்தின் அழுத்தத்தைத்தான் அறியும். அந்த இடம் ஆல்டர்னேட்டரின் வாயிலாக இருந்து, வழியில் தடை இருந்தால், ரெகுலேட்டர் திருப்தியோடு இருக்கும்போதே பேட்டரி பட்டினி கிடக்கும். நண்பருக்கு நேர்ந்தது இது. மாறாக, ரெகுலேட்டருக்கு அழுத்தத்தைத் தெரிவிக்கும் சிறு கம்பி, தேய்ந்துபோன இக்னிஷன் சுவிட்சின் வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவிட்சுக்குள் அரை வோல்ட் தொலைந்தால், அழுத்தம் குறைந்துவிட்டதென்று ரெகுலேட்டர் தவறாக எண்ணி, உண்மை அழுத்தத்தை அரை வோல்ட் உயர்த்திவிடும். பேட்டரி 14.8-இல் கொதிக்கும், வாரத்துக்கு வாரம் டிஸ்டில்டு வாட்டர் கேட்கும், பல்புகள் அற்பாயுளில் போகும். ஒரே அளவுள்ள தடை, இருக்கும் பக்கத்தைப் பொறுத்து, ஒரு காரில் பேட்டரியைப் பட்டினி போடுகிறது, மற்றொரு காரில் அஜீரணத்தில் கொல்கிறது. இரண்டு காருக்கும் புது ரெகுலேட்டர் வாங்கி மாட்டுவதுதான் வழக்கமான வைத்தியம். இரண்டிலும் அது பலிப்பதில்லை.

இதுவரை பிளஸ் பக்கத்தைப் பற்றியே பேசினோம். சுற்றின் மறுபாதியாகிய எர்த்துக்குப் பெரும்பாலும் கம்பியே கிடையாது. காரின் இரும்பு உடம்புதான் திரும்பும் வழி. என்ஜினோ ரப்பர் திண்டுகளின்மேல் உட்கார்ந்திருப்பது. அதையும் உடம்பையும் இணைப்பது பின்னல் பட்டை ஒன்றுதான். அந்தப் பட்டை துருப்பிடித்து அறுந்துவிட்டால், செல்ஃப் மோட்டார் கேட்கும் 150 ஆம்பியரும் வேறு வழி தேடும். என்ஜினையும் உடம்பையும் தொடுகிற உலோகம் வேறு என்ன இருக்கிறது? ஆக்ஸிலரேட்டர் கேபிளும் சோக் கேபிளும்தான். சாவியைத் திருப்பினால் சோக் கேபிளின் உறையிலிருந்து புகை வருகிற விந்தையைக் கண்டு, பேயோ பில்லியோ என்று மயங்கியவர்கள் உண்டு. பாய் அந்தப் பக்கத்தையும் விடவில்லை. மீட்டரின் ஒரு முனையை என்ஜின் இரும்பிலும் மறு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்து, செல்ஃபை அடிக்கச் சொன்னார். முள் 0.2-க்குமேல் போகவில்லை. "எர்த் சுத்தம்" என்றார்.

கருகிய கனெக்டரை அவர் வெட்டி எறிந்தார். 10 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள புதிய கம்பியை 2 மீட்டர் வெட்டி, முனைகளில் லக் அழுத்தி, ஈயமும் பற்றவைத்து, நடுவே ஒரு பியூஸையும் கோத்து, ஆல்டர்னேட்டரிலிருந்து நேரே பேட்டரிக்கு ஓட்டினார். பழைய கம்பியைச் சுத்தம் செய்து மறுபடி சேர்த்து, இருந்த இடத்திலேயே இருக்கவிட்டார். என்ஜின் ஓடியது, விளக்குகள் எரிந்தன, மீட்டரின் முனைகள் அதே இரண்டு இடங்களில் அமர்ந்தன. முள் பூஜ்யத்தைவிட்டு ஒரு மயிரிழை விலகி நின்றது. சாலையின் அந்தப் பக்கத்துப் புளியமரத்தில் அடித்திருந்த வெள்ளைப் பட்டையும், அதன்மேல் கறுப்பில் எழுதியிருந்த எண்ணும் தெளிவாகத் தெரிந்தன.

நண்பருக்குச் சந்தோஷம்தான். ஆனால் காருக்குள் உட்கார்ந்ததும் அவர் முகம் வாடிற்று. இருபது வருஷமாக அவர் கண்ணால் பார்த்துப் பார்த்து ஓட்டிய அம்மீட்டரின் முள் அசையவே இல்லை. "பாய், சார்ஜ் ஆகவில்லை போலிருக்கிறதே!" என்றார். புதிய வழியின் தடை 0.0034 ஓம், பழைய வழியின் தடை அதைப் போல எட்டு மடங்கு. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இரண்டு வழிகளில் ஓட்டம் தடைக்குத் தலைகீழ் விகிதத்தில் பிரியுமென்பதால், அம்மீட்டரின் வழியே போவது ஒன்பதில் ஒரு பங்குகூட இராது. பாய் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லவில்லை. மீட்டரின் முனைகளைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, "அதுக்கு இனிமே வேலை இல்லை சார், சும்மா இருக்கட்டும்" என்றார்.